எட்டாவது மாடிக்குக் குளிர்ந்த காற்று

உக்காருங்கம்மா, இந்தச் சீட்டு காலிதான். பையை நான் மடியில வச்சுக்கிறேன். அந்த ஓரத்துச் சீட்டுல மட்டும் உக்காராதீங்க, தலையில தண்ணி சொட்டும். மேல பாருங்க, மஞ்சளா கறை தெரியுதா? ஏசியில இருந்து தண்ணி போற குழாய் அடைச்சுக் கிடக்கு. காலையில வந்ததுமே அந்தச் செக்யூரிட்டிகிட்ட சொன்னேன், தம்பி, மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டு அந்தக் குழாயில ஒரு ஊது ஊதச் சொல்லுப்பா, சரியாயிடும்னு. என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "பேஷன்ட் பேரு என்ன சார்?"ன்றான். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி! ஐசியூ வாசலை இப்படியா வச்சிருப்பாங்க? என்னை விட்டா ஒரே நாள்ல சரி பண்ணிடுவேன்.

நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? வீட்டுக்காரரா? என்ன அவருக்கு? அடப்பாவமே. நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சா. அதேதாம்மா என் பொண்ணுக்கும். நிமோனியான்றாங்க. யாமினின்னு பேரு. ஒரே பொண்ணு. வாயில குழாய் போட்டு வச்சிருக்காங்க, மிஷின்தான் அவளுக்கு மூச்சு விடுது. மருந்தை மாத்தி மாத்திப் பாத்துட்டாங்க, எதுக்கும் அசைய மாட்டேங்குது. இன்னைக்குள்ள ஜுரம் இறங்கலைன்னா கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போச்சு. கஷ்டம்னா என்ன கஷ்டம்? புரியற மாதிரி சொல்றாங்களா? நம்ம மிஷின் ஒண்ணு நின்னுபோனா, ஏன் நின்னுச்சுன்னு தொட்டுப் பாத்தே சொல்லிடுவேன் நான். இவங்க இவ்வளவு படிச்சிட்டு, "பாக்கலாம், பாக்கலாம்"ன்றாங்க.

உங்க பேரு? தேவகியா. அழாதீங்க தேவகிம்மா. நாலு மணிக்கு உள்ள விடுவாங்க. ஒரு ஆளு மட்டும்தான், அதுவும் செருப்பைக் கழட்டிட்டு, தலைக்கு அந்தப் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கிட்டு. என் சம்சாரத்தை நான் உள்ள விடறதில்ல. உள்ள போனா அவ யாமினி காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒப்பாரி. வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேன். என்கிட்ட அவ பேசறதும் இல்ல இப்ப. அது கிடக்கட்டும்.

நான் எத்திராஜ். மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஓ.எம்.ஆர்.ல கண்ணாடி கண்ணாடியா நிக்குதே, அதுல ஒரு பில்டிங். எது எதுன்னு கேக்காதீங்க, பேரை எங்கயும் சொல்லக்கூடாதுன்னு மேல இருந்து ஆர்டர். எட்டு மாடி, மாடிக்கு ஒரு கம்பெனி. ஏசி, பம்ப், ஜெனரேட்டர், லிஃப்ட், எது ஓடினாலும் என் கை பட்டுத்தான் ஓடணும். ஆனா பாருங்க, எல்லாம் ஒழுங்கா ஓடிட்டிருந்தா எத்திராஜ்னு ஒருத்தன் இருக்கறதே எவனுக்கும் தெரியாது. லிஃப்ட்ல பக்கத்துல நின்னா கிரீஸ் வாடைன்னு முகத்தைத் திருப்பிக்குவான். ஏசி கொஞ்சம் மக்கர் பண்ணட்டும், அப்ப பாருங்க, "எங்கய்யா அந்த எத்திராஜ்?"னு பில்டிங்கே எள்ளும் கொள்ளுமா வெடிக்கும். ஒரே மாடியில ஒருத்தன் குளுருதுன்னு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு திட்டுவான், பக்கத்து சீட்டுக்காரன் வேர்க்குதுன்னு திட்டுவான். ரெண்டு திட்டும் எனக்குத்தான்.

இந்த வருஷம் கத்திரி வெயில் எப்படிக் காய்ச்சுச்சு, உங்களுக்கே தெரியும். நான் சொல்லப் போறது அந்த சீசன் கதைதான். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொன்னா உங்களுக்கும் நேரம் போகும்.

மொட்டை மாடியில கூலிங் டவர்னு ஒண்ணு இருக்கும். நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பெரிய தொட்டி, அதுக்கு மேல ராட்சச ஃபேன். கீழ ஏசி மிஷினோட சூட்டையெல்லாம் தண்ணி வாங்கிட்டு மேல வரும். அந்த டவருக்குள்ள மழையா கொட்டி ஆறும். ஃபேன் அந்தச் சூட்டை வெளிய ஊதித் தள்ளிடும். பக்கத்துல போய் நின்னா குத்தாலம்தான், முகத்துல அப்படியே சாரல் அடிக்கும். மதியம் சாப்பிட்டுட்டு நான் அங்கதான் ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காருவேன். ஊரே வெந்துக்கிட்டிருக்கும், எனக்கு மட்டும் மார்கழி.

இப்ப எட்டாவது மாடி. ஜன்னலைத் திறக்க முடியாத பில்டிங்ல வெளிக்காத்து கொஞ்சம் இழுத்து விட்டாகணும், இல்லேன்னா ஆளுங்களுக்கு மூச்சு முட்டும். எட்டாவது மாடிக்கு அந்தக் காத்து மொட்டை மாடியில இருந்து ஒரு தகர டக்ட் வழியா இறங்கும். அந்த டக்ட்டோட வாய் எந்தப் பக்கம் இருந்துச்சு? கேன்டீன் புகைபோக்கி பக்கம். கட்டினவன் எந்தப் புண்ணியவானோ! புதன்கிழமை ஆனா கேன்டீன்ல நெத்திலி வறுப்பாங்க. அந்த வாசனை நேரா எட்டாவது மாடி மீட்டிங் ரூம்ல போய் உக்காந்துக்கும். ஃபாரின்காரனோட பேசிட்டிருக்கும்போது நெத்திலி நாத்தம் வந்தா சும்மா இருப்பாங்களா? கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட். எங்க மேனேஜர் கிருபாகரன் சாரு என்னைக் கூப்பிட்டு, "யோவ் எத்திராஜ், கேன்டீனை மூடறியா, இல்ல அந்த வாசனையை மூடறியா?"ன்னாரு.

நான் மூணு நாளா மொட்டை மாடியையே சுத்திச் சுத்தி வந்தேன். அப்புறம் பொறி தட்டுச்சு. டக்ட்டோட வாயைத் திருப்பிட்டா? கேன்டீன் பக்கம் இருக்கறதை அப்படியே டவர் பக்கம் திருப்பினா? அங்க நெத்திலி வாடையும் வராது, காத்தும் சில்லுனு இருக்கும். மத்த பில்டிங்ல எல்லாம் கொதிக்கிற காத்தை இழுத்து, அதைக் குளுர வைக்கிறதுக்கு மிஷின் மூச்சு வாங்கும். எனக்கோ, ஏற்கெனவே குளுந்த காத்து ஓசியில கிடைக்குது. படிச்ச எவனுக்காவது தோணிச்சா இது? தகரக்காரனை வரவழைச்சு, ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சேன்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை அப்படி ஒரு வேலை. எட்டாவது மாடி ஊட்டி ஆயிடுச்சு. கத்திரியில மத்த பில்டிங்ல மிஷின் படுத்துக்குது, நம்ம மிஷின் பாட்டுக்கு ஓடுது. ஆண்டு விழாவுல மேடைக்குக் கூப்பிட்டு முதலாளி தன் கையாலயே சால்வை போட்டாரும்மா. "நம்ம எத்திராஜ் மாதிரி மூளை இருக்கறவங்கதான் வேணும்"னு மைக்கிலயே சொன்னாரு. அன்னைக்கு யாமினியும் வந்திருந்தா. எந்திரிச்சு நின்னு விசில் அடிச்சா, பொம்பளப் புள்ளைன்னு கூடப் பாக்காம. எனக்கு ஒரு பக்கம் வெக்கம், ஒரு பக்கம் சந்தோஷம்.

இதுக்கு நடுவுல ஒருத்தி வந்து சேந்தா. ரஹீமான்னு பேரு, கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு. டவர் தண்ணிக்கு மருந்து போடற கம்பெனி ஆளு. அந்தத் தண்ணியில பாசி பிடிக்காம இருக்க ஒரு மருந்து ஊத்துவாங்க. ப்ளீச்சிங் பவுடர் நெடி அடிக்கும் அது. முன்னாடியெல்லாம் ஒரு தொல்லையும் இல்ல, நெடி பாட்டுக்கு வானத்துல போயிடும். இப்ப டக்ட் வாய் டவர் பக்கம் திரும்பியாச்சா? அவ மருந்து ஊத்தினா நெடி நேரா எட்டாவது மாடியில. கண்ணு எரியுது, தொண்டை கரகரங்குதுன்னு மறுபடியும் கம்ப்ளெயின்ட். எப்படி இருக்கும் எனக்கு? இப்பத்தான் சால்வை போட்டிருக்காங்க.

நான் மரியாதையாத்தாம்மா சொன்னேன். "இந்தாம்மா, வெயில் முடியற வரைக்கும் மருந்தை நிறுத்தி வை"ன்னேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "மருந்தை நிறுத்தக் கூடாது சார், டக்டைத் திருப்புங்க"ன்றா. சால்வை வாங்கின டக்டைத் திருப்பறதா! நான் பாட்டுக்கு மருந்து ட்ரம்மை எடுத்துக் கீழ ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டேன். அதுக்கும் மேல அந்த மாசம் லாரித் தண்ணி வேற சரியா வரல. பழைய தண்ணியைத் திறந்து விட்டுப் புதுசா நிரப்பறதெல்லாம் அப்ப நடக்கற காரியமா? இருக்கற தண்ணியையே சுத்த விட்டேன். டவர் ஓடுச்சா, ஓடுச்சு. குளுந்துச்சா, குளுந்துச்சு. அப்புறம் என்ன?

அடுத்த தடவை அவ வந்தப்ப டவர் ஏணியில ஏறி உள்ள கையை விட்டா. வழவழன்னு பச்சையா அள்ளிட்டு வந்து என் மூக்குக்கு நேரா நீட்டறா. "சார், இந்த வெதுவெது தண்ணியில இது மட்டும் வளராது. கண்ணுக்குத் தெரியாததும் வளரும்"ன்றா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏம்மா, கோயில் குளத்துல பாசி இல்லையா? அதுல முங்கினவன் எல்லாம் செத்தா போயிட்டான்?"னேன். ஒரு செகண்ட் யோசிக்கலம்மா அவ. "கோயில் குளத்துத் தண்ணியை யாரும் ஃபேன் வச்சு ஆபீசுக்குள்ள ஊதறதில்ல சார்"னா. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி. என் டெக்னீஷியன் ரெண்டு பேரு எதிர்ல! விடுவேனா? கிருபாகரன் சார்கிட்ட போய், இந்தப் பொண்ணு கம்பெனிக்காரங்களைப் பயமுறுத்துது, நம்ம பேரைக் கெடுக்குதுன்னு போட்டேன் ஒரு போடு. அந்த வாரமே அவளுக்கு நம்ம கேட் மூடியாச்சு.

தண்ணி குடிக்கிறீங்களா? தொண்டை காயுது எனக்கு. இருங்க... ஒண்ணுமில்லம்மா, வறட்டு இருமல். கொஞ்ச நாளா இருக்கு. இந்த ஆஸ்பத்திரி ஏசி ஒத்துக்கல.

எங்க விட்டேன்? யாமினி. அவளுக்கு எட்டாவது மாடியில வேலை கிடைச்சுது. நான்தான் அந்தக் கம்பெனி அட்மின்கிட்ட சொல்லி வச்சேன். எந்த அப்பனுக்கும்மா கொடுத்து வைக்கும் இது? ஒரே பைக்ல ரெண்டு பேரும் போவோம். கேட்ல இறங்கி அவ ஐடி கார்டைத் தட்டி முன்வாசல் வழியாப் போவா, நான் பேஸ்மென்ட் வழியாப் போவேன். முதல் வாரமே, "அப்பா, என் சீட்டு ஜன்னலோரம், வெயில் சுள்ளுனு அடிக்குதுப்பா"ன்னா. விட்டேனா? சாயங்காலம் ஆளுங்க போனதும் ஏணியைப் போட்டு ஏறி, சீலிங்ல காத்து வர்ற வாய் இருக்குல்ல, அதை அவ தலைக்கு நேரா திருப்பி வச்சேன். பக்கத்துல இருந்த ரெண்டு வாயைக் கொஞ்சம் மூடியும் விட்டேன், அந்தக் காத்தும் இவளுக்கே வரட்டும்னு. மறுநாள் ஃபோன் பண்றா: "அப்பா, சூப்பர்ப்பா! மழை பெஞ்சா ஒரு வாசனை வருமே, அப்படி வருது!" எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. சொத்தா சேத்து வச்சிருக்கேன் அவளுக்கு? என்னால முடிஞ்சது நல்ல காத்து.

அப்புறம்தான் அந்த மாடிக்கு ஏதோ கண்ணு பட்டுச்சு. முதல்ல ஒரு பையன் ஜுரம்னு லீவு போட்டான். அவன் வர்றதுக்குள்ள ரெண்டு பொண்ணுங்க. எல்லாரும் ஃப்ளூ ஃப்ளூன்னாங்க. அக்கவுண்ட்ஸ்ல சபேசன்னு ஒரு மனுஷன், தங்கமான ஆளு, என்னைப் பாத்தா நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவாரு. இருமிக்கிட்டே வந்தாரு, இருமிக்கிட்டே போனாரு, அடுத்த வாரம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிட்டாங்க. ஆனா அவரு சிகரெட் பிடிக்கிறவரும்மா. வயசும் ஆச்சு. அவர் சீட்டு எங்கன்னா, யாமினி சீட்டுக்கு இந்தப் பக்கம்.

சும்மாவும் இருக்கல நாங்க. குடிக்கிற தண்ணி கேன் கம்பெனியை மாத்தினோம். கார்பெட்டைக் கழுவினோம். அமாவாசைக்குப் பூசணிக்காய் சுத்தி உடைச்சோம். கிருபாகரன் சாரு ஒரு வாஸ்துக்காரரையே கூட்டிட்டு வந்தாரு. அவரு மாடி மாடியா ஏறி இறங்கி, எட்டாவது மாடி சமையல் மேடை தப்பான மூலையில இருக்குன்னாரு. அதை இடிச்சோம். மொட்டை மாடிக்கு வந்து டவரைப் பாத்தாரு பாருங்க, "ஆஹா, ஈசானிய மூலையில தண்ணி! இதுதான் சார் உங்க பில்டிங்கைக் காப்பாத்துது"ன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ரஹீமா இருந்திருக்கணும் அப்ப, கேட்டுட்டுப் போயிருப்பா.

யாமினிக்கு ஜுரம் வந்தது அதுக்கப்புறம். ராத்திரியெல்லாம் உடம்பு வலி, காலையில அனலாக் கொதிக்குது. என் சம்சாரம் வாசல்ல குறுக்க நின்னுட்டா. "அந்த மாடிக்கு இவளை அனுப்ப மாட்டேன், அங்க ஏதோ சரியில்ல"ன்னா. எனக்கு எரிச்சல். வேலைக்குச் சேந்து ஆறு மாசம் கூட ஆகல, இப்ப லீவு போட்டா வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களா? நான்தாம்மா அதட்டினேன். "இங்க புழுக்கத்துல கிடக்கறதுக்கு அங்க ஏசியில போய் உக்காரு, சூடு தானா இறங்கிடும்"னேன். மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்தா புள்ள. பைக்ல என் முதுகுல சாஞ்சுக்கிட்டே வந்தா, சட்டையைத் தாண்டி அந்தச் சூடு எனக்குத் தெரியுது. அன்னைக்கு மத்தியானம் நான் மேல போய் அவ தலைக்கு மேல காத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சேன். சாயங்காலம் அவளைக் கைத்தாங்கலாத்தான் இறக்கினாங்க. அதுக்குத்தான் என் சம்சாரம் என்கூடப் பேசறதில்ல. நான் என்ன தெரிஞ்சா பண்ணேன்? நல்லதுக்குத்தானே பண்ணேன்?

பாருங்க, ஃபோன். அவதான், ரஹீமா. காலையில இருந்து விட்டு விட்டு அடிக்கிறா. ஒரு தடவை எடுத்தேன். "சார், யாமினிக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். டாக்டர்கிட்ட டவரைப் பத்திச் சொல்லுங்க சார், ப்ளீஸ் சார்"ன்னு அழற மாதிரி பேசறா. எப்படி நடிக்கிறா பாருங்க! என் பொண்ணு உயிருக்குப் போராடிட்டிருக்கும்போதும் அவளுக்கு அவ மருந்து விக்கணும். "வையிம்மா ஃபோனை"ன்னுட்டேன். இருங்க, கட் பண்றேன்.

நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன். உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு? கேப் ஓட்டறாரா? ஆபீஸ் கேப்பா? எங்க ஓட்டறாரு? எங்க? சாகரிகா டவரா! அட, நம்ம பில்டிங்மா அது! வெளிய சொல்லிடாதீங்க, ஆனா நம்ம பில்டிங்தான். பேரு என்ன, கஜேந்திரனா? வெள்ளை வண்டி, முன்னாடி கண்ணாடியில வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரு? தெரியும்மா! நல்லா தெரியும். பின்பக்கச் சந்துல நிறுத்துவாரே. எல்லா டிரைவரும் அங்கதான் நிறுத்துவாங்க, நிழல் கூட இல்ல அங்க. ஏன்னு கேளுங்க. மேல நம்ம டவர். ஃபேன் ஊதறப்போ அந்தப் பக்கமாத்தான் சாரல் இறங்கும், பொடித் தூத்தல் மாதிரி. கத்திரி வெயில்ல அவங்களுக்கு அது சொர்க்கம். சீட்டை மடக்கிப் போட்டு, கண்ணாடியை இறக்கி விட்டு, வாயைத் திறந்துக்கிட்டு தூங்குவாங்க. கஜேந்திரன் ஒரு நாள் என்னைப் பாத்து, "சார், உங்க புண்ணியத்துல ஏசி போடாமலே தூங்கறோம்"னு கும்பிடு கூடப் போட்டாரு.

என்னம்மா, திடீர்னு முகம் வெளுத்துப் போச்சு? அந்தச் சாரலா? அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னா கேக்கறீங்க? சொன்னேனே, டவர்ல இருந்து. அதே டவர்தான். ஆமா, எட்டாவது மாடிக்குப் போறதும் அதே காத்துதான். மத்த டிரைவருங்களா? தெரியலம்மா. ரெண்டு மூணு பேரு வரலைன்னு கேள்விப்பட்டேன். ஊருக்குப் போயிருப்பாங்க.

டாக்டரம்மா உங்ககிட்டயும் கேட்டாங்களா, வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறாருன்னு? நீங்க டிரைவருன்னு மட்டும் சொன்னீங்களா? அதுவே போதும். என்கிட்ட கேட்ட கேள்வியைக் கேக்கணும் நீங்க. இன்னைக்குக் காலையில என்னை அந்தக் கண்ணாடிக் கதவுக்கிட்ட கூப்பிட்டு, "உங்க பொண்ணு எங்க வேலை பாக்கறாங்க? சென்ட்ரல் ஏசியா? மேல கூலிங் டவர் இருக்கா? அங்க வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"ன்னு வரிசையாக் கேக்குது அந்தம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஒரு டாக்டருக்குக் கூலிங் டவரைப் பத்தி என்ன வந்துச்சு? யோசிச்சுப் பாருங்க. ரஹீமாதான். ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து பத்த வச்சிட்டுப் போயிருக்கா.

"ஏன் டாக்டர் கேக்கறீங்க?"ன்னேன். தண்ணியில வளர்ற ஒரு கிருமி இருக்காம். சாரல்ல கலந்து மூச்சோட உள்ள போகுமாம். அதா இருந்தா இப்பக் குடுக்கற மருந்து ஒண்ணும் வேலைக்கு ஆகாதாம், அதுக்கு வேற மருந்தாம், உடனே ஆரம்பிக்கணுமாம். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கிருபாகரன் சாரு ஃபோன் பண்ணியிருந்தாரு. "எத்திராஜ், மூணு மாடியை வாடகைக்கு எடுக்க ஒரு பெரிய பார்ட்டி வர்றாங்க, இந்த நேரத்துல ஆஸ்பத்திரியில எங்கயும் நம்ம பில்டிங் பேரு அடிபடக்கூடாது, உன்னை நம்பித்தான் இருக்கேன்"னு. என்னை நம்பி இருக்காரும்மா.

நான் சொல்லிட்டேன். "என் பொண்ணு வீட்ல இருந்துதான் டாக்டர் வேலை பாக்கறா. எங்க வீட்ல ஏசியே கிடையாது, ஃபேன் மட்டும்தான்"னேன். அந்தம்மா விடல. "நல்லாத் தெரியுமா சார்?"னு கேட்டுச்சு. "பெத்தவன் எனக்குத் தெரியாதா?"ன்னேன். "சரி, அப்ப அது இல்ல. வேற எதுன்னு பாக்கறேன்"னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. பழைய மருந்தையே ஓட்டறாங்க இப்ப.

அப்படிப் பாக்காதீங்கம்மா என்னை. நான் தினம் அந்த டவர் பக்கத்துல உக்காந்து சோறு தின்னவன். கிருமி இருந்தா என்னையில்ல முதல்ல அடிச்சிருக்கணும்? நான் யோசிக்காமலா இருப்பேன்? யோசிச்சேன். காலையில இருந்து அதையேதான் யோசிச்சேன். நான் திருப்பின டக்ட்டு. நான் திருப்பின காத்து வாய். அதுல இருந்து என் பொண்ணுக்கே... சொல்ல வாய் வரலம்மா. அப்படி இருக்காது. இருக்கவே முடியாது. அப்படி இருந்துட்டா நான் எப்படிம்மா வீட்டுக்குப் போவேன்? அவ அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? அதனால அது இல்ல. ஏதோ தொத்து ஜுரம். சரியாயிடும்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? பையை விட்டுட்டுப் போறீங்களே. தேவகிம்மா, இன்னும் நாலு மணி ஆகல, இப்ப உள்ள விட மாட்டாங்க. இருமல் வருது எனக்கு, கொஞ்சம் நில்லுங்க... அந்தக் கதவைத் தட்டாதீங்கம்மா! சிஸ்டர், அந்தம்மாவைக் கொஞ்சம் பிடிங்க, வீட்டுக்காரர் நிலைமையைப் பாத்து மனசு கலங்கிப் போயிருக்காங்க.

டாக்டர், நீங்க அவங்க வீட்டுக்காரரைப் பாருங்க டாக்டர். அவருக்கு என்ன மருந்து குடுக்கணுமோ குடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஏம்மா, என் பொண்ணு பேரை ஏம்மா இழுக்கறீங்க? எட்டாவது மாடின்னு ஏம்மா சொல்றீங்க? நான் உங்ககிட்ட மனசு விட்டுப் பேசினது தப்பா? இல்ல டாக்டர், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இப்பத்தான் பழக்கம். என்னைப் பாத்துக் கேளுங்க. என் கையை விடுங்க சிஸ்டர். டாக்டர், உள்ள போகாதீங்க, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க. அவ வீட்லதான் இருந்தா. எங்க வீட்ல ஃபேன் மட்டும்தான். பெத்த அப்பன் சொல்றேன், நம்ப மாட்டீங்களா?